சாவி யாருகிட்ட, தலைவரே?

வா தம்பி தலைவரே, அந்தப் பிளானைத் திண்ணையில விரி, பார்ப்போம். அடேங்கப்பா! கல்யாண மண்டபம், நூலகம், கம்ப்யூட்டர் ரூம், பயலுவளுக்கு ஜிம்மு, புயலடிச்சா ஒதுங்க இடம், எல்லாம் ஒரே கட்டடத்துல. மேல் மாடியில ‘முதியோர் யோகா’ வேற. எஞ்சினியர் படியேறுறதையே யோகாக் கணக்குல சேத்துட்டாரோ?

பணத்துக்கு எங்க போறே? எம்.எல்.ஏ. நிதி வருஷத்துக்கு 3 கோடி. அந்த 3 கோடியத்தான் தொகுதியில இருக்குற எல்லா ஊரும் பாத்துக்கிட்டு நிக்குது. ‘நமக்கு நாமே’ திட்டம்னு போனா மூணுல ஒரு பங்கை ஊர்தான் போடணும். போடும், கவலைப்படாதே. நீ கல்வெட்டை முதல்ல வெட்டி, யாரு பேரு எந்த வரியிலன்னு காட்டிடு. சுவரு தானா எழும்பும்.

குளத்தோரம் சும்மாத்தானே கிடக்குன்னு டீக்கடையில சொன்னியாமே. அது சும்மா கிடக்கல, ஐப்பசி மழைக்காகக் கிடக்குது. நீர்நிலைப் புறம்போக்குல கட்டுனா கோர்ட்டு இடிக்கச் சொல்லும், அது ஒரு பக்கம். புயலுக்கு ஒதுங்குற கட்டடத்தைக் குளத்துக்குள்ளயே கட்டிட்டா, ஜனங்க நீந்திப் போயில்ல ஒதுங்கணும்!

அப்புறம் மேலத்தெரு கோயில் பக்கத்து மனைன்னு ஒரு பேச்சு. ரொம்ப நல்ல மனை. அங்க கட்டுனா கீழத்தெருக்காரன் வீட்டுக் கல்யாணம் நடக்குமா? ‘யாரு வேண்டாம்னு சொல்லப்போறா’ம்பே. ஒருத்தனும் சொல்ல மாட்டான். அவன் கேக்குற தேதிக்கு மட்டும் தண்ணி மோட்டாரு ரிப்பேராயிடும். சாவிக்காரன் மாமியா ஊருக்குப் போயிருப்பான். இல்லைன்னா வெள்ளையடிக்கிற வேலை ஆரம்பிச்சிருக்கும். அவனும் ரெண்டு தடவை கேட்டுட்டு, மூணாவது தடவை வாசல்லயே பந்தல் போட்டுக்குவான். ஊருல சண்டை சச்சரவே இல்லைன்னு நீயும் கலெக்டருகிட்ட சொல்லிக்கலாம்.

கஜா புயல் அடிச்சுச்சே, 2018 நவம்பர் 16 விடியக்காலை, அன்னிக்கு ரெண்டு தெருவும் ஒரே பள்ளிக்கூடத்துலதான் ஒண்டிக் கிடந்துச்சு. ஓடு பறந்தப்புறம் பக்கத்துல யாரு படுத்திருக்கான்னு ஒருத்தரும் கேக்கல. ஒரே உலையில சோறு வெந்துச்சு. வெயில் அடிச்சு பாயெல்லாம் காய்ஞ்சுச்சு பாரு, தெருவும் திரும்பி வந்துடுச்சு.

அதனால பஸ்ஸு நிக்கிற ரோட்டுமேல, எந்தத் தெருவும் ‘எங்களுது’ன்னு சொல்ல முடியாத இடமாப் பாரு. வாடகை எவ்வளவு, முன்பதிவு வரிசை எப்படின்னு கிராம சபையில சத்தமாப் படிச்சுத் தீர்மானம் போடு. வருஷத்துக்கு நாலு சபையா இருந்ததை 2022லேருந்து ஆறாக்கிட்டாங்க. ஆறையும் போண்டா டீயோட முடிச்சுடாதே.

மண்டபம் கீழேயே இருக்கட்டும். 2004 ஜனவரியில ஸ்ரீரங்கத்துல ஒரு மண்டபத்து மாடியில போட்ட பந்தல் தீப்பிடிச்சு, கல்யாண மாப்பிள்ளையோட சேத்து அம்பது பேருக்கு மேல செத்துப்போனாங்க. தப்பி இறங்குறதுக்குச் சரியான வழி இல்லை. இதுல எனக்குக் கேலி வர மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் அகலமா வாசல் வை, கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். சக்கர வண்டிக்குச் சறுக்குப்பாதைன்னா ஒரு அடி உசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும். உன் பிளான்ல போட்டிருக்குற சரிவுல வண்டியை விட்டா நேரா ரோட்டுல போய்த்தான் நிக்கும்.

மேடைக்கு இத்தனை அலங்காரம் பண்ணின எஞ்சினியர் சமையக்கட்டை ஏன் இப்படிச் சுருக்கிப்புட்டாரு? தாலி கட்டுறதைப் பாக்காத ஆளுகூட நம்ம ஊருல உண்டு, பந்திக்கு வராத ஆளு உண்டா? ஆயிரம் பேரு கூடுற இடத்துல பொம்பளைங்களுக்கு ரெண்டே கழிப்பறை! கரைவேட்டி கட்டின ஆம்பளைங்களா உக்காந்து பேசி முடிச்ச பிளான்னு அதுலயே தெரியுது. உன் வீட்டுக்காரிகிட்ட ஒரு தடவை காட்டு.

திறப்பு விழாவுக்கு மந்திரி வருவாரு, ரிப்பன் வெட்டுவாரு, போயிடுவாரு. மறுமாசம் கரண்டு பில்லு வரும். கூட்டிப் பெருக்குற அம்மா சம்பளம் கேக்கும். அதை எந்தக் கணக்குலேருந்து குடுக்குறதுன்னு அஸ்திவாரம் தோண்டுறதுக்கு முன்னாடியே எழுதி வை. கல்யாண வாடகையில ஒரு பங்கைத் தனியாப் பேங்குல போடு. ஜிம்முக்கு மாசம் ஏதாச்சும் வாங்கு, சும்மா விட்டா பயலுவ இரும்பையும் தூக்கிட்டுப் போயிடுவானுவ.

சாவி உன் மச்சினன்கிட்ட இருக்கும்னு கேள்விப்பட்டேன். நல்ல பையன்தான். இருந்தாலும் ரெண்டு சாவி போடு. ஒண்ணு ஊராட்சி ஆபீசுல தொங்கட்டும். இன்னொண்ணைக் கீழத்தெரு மகளிர் குழுகிட்ட குடுத்துடு. மச்சினன் மூஞ்சைத் தூக்குவானா? திறப்பு விழாவுல ஒரு பொன்னாடையைப் போட்டுடு, போதும்.