டி டிரைவ் ஒரு இலை தள்ளி

1999-இல் எங்கள் வீட்டுப் பென்டியத்தில் 1.2 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதை சி, டி என்று பிரித்திருந்தார்கள். சி-யில் விண்டோஸ் 95, டி-யில் அப்பாவின் சீட்டுக் கணக்கு. இடம் போதவில்லை என்று ரிச்சி தெருவில் 4.3 ஜிபி டிஸ்க் ஒன்று வாங்கி, பச்சைக் குழந்தையைத் தூக்கிவருவதுபோல் பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

பின்பக்கம் கடுகளவு ஜம்பர். அதைப் பிடுங்கி 'ஸ்லேவ்' இடத்தில் செருக வேண்டும். கை வழுக்கித் தரையில் விழுந்தது. அரிசியில் கல் பொறுக்குகிற கண்ணோடு அம்மாதான் தேடிக் கொடுத்தாள்.

அடுத்து, டிஸ்க்கைப் பங்கு பிரிக்கிற எஃப்டிஸ்க். மெனுவில் ஐந்தாவது வரி, இரண்டாவது டிஸ்க் இருந்தால்தான் தலைகாட்டும். அதை அமுக்கிப் புது மனைக்குள் நுழைந்தேன். என் விண்டோஸ் 95-க்கு ஒரு டிரைவில் 2 ஜிபிக்கு மேல் தாங்காது. பிரைமரியாக ஒரு பங்கு, எக்ஸ்டெண்டடில் ஒரு பங்கு போட்டது போக, சில எம்பி ஒட்டுத்திண்ணையாக மிஞ்சியது. அவ்வளவு பெரிய டிரைவில் ஒற்றை வரிக் கடிதம் எழுதினாலும் 32 கேபி பிடித்துக்கொள்ளும். கைக்குட்டை போட்டு பஸ் சீட்டு பிடிக்கிற புத்தி!

ரீபூட் செய்தேன். பழைய டிஸ்க்கில் சி, டி. அப்படியானால் புதியது ஈ. எல்கேஜி கணக்கு. 'ஃபார்மட் ஈ:' என்று அடித்தேன். எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்றது. காலி டிஸ்க்கில் அழிய என்ன இருக்கிறது? 'ஒய்'. ஐந்நூற்றுச் சொச்சம் எம்பி என்று திரையில் ஓடியதையும் பார்த்தேன். 2 ஜிபி எங்கே என்று உறைக்கவில்லை.

டாஸ் போடும் பந்தி வேறு. ஒவ்வொரு டிஸ்க்கின் பிரைமரியும் முதலில் உட்காரும். எக்ஸ்டெண்டடுக்குள் இருக்கும் லாஜிக்கல்களுக்கு அப்புறம்தான் இலை. புது மாப்பிள்ளை வந்ததும் சித்தப்பா ஒரு இலை தள்ளி உட்காருவதுபோல், புது பிரைமரிக்கு டி-யைக் கொடுத்துவிட்டுப் பழைய டி, ஈ-க்கு நகர்ந்திருந்தது. நான் துடைத்தது சீட்டுக் கணக்கை.

அப்பா கத்தவில்லை. அலமாரியிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்தார். "இதுலயும் எழுதி வெச்சிருக்கேன்டா." கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்தே எழுதிவந்திருக்கிறார். கத்தியிருக்கலாம்.

பழைய பெட்டியை இன்னும் வைத்திருப்பவர்களே, இரண்டாவது டிஸ்க்கில் பிரைமரி போடாதீர்கள். முழுவதையும் எக்ஸ்டெண்டட் ஆக்கினால் பழைய எழுத்துகள் நகராது. அப்புறமும் சந்தேகமா? ஃபார்மட் அடிக்குமுன் 'டிர் ஈ:' அடித்துப் பாருங்கள். கோப்புப் பட்டியல் வந்தால், அது உங்கள் அப்பாவுடையது.