டிக்கியில் இருக்கிறது அலுவலகம்

சமுதாயக் கல்லூரிகளில் 75 சதவீதப் பாட நேரத்தை முழுநேர ஆசிரியர்களே நடத்த வேண்டும் என்று கலிஃபோர்னியா 1988-இல் சட்டத்திலேயே இலக்கு எழுதி வைத்தது. எழுதியதோடு சரி. இன்றும் அங்கே தலைகளை எண்ணினால் பகுதிநேரக்காரர்களே பெரும்பான்மை.

இன்னொரு விதி மட்டும் வெகு கறாராக அமலில் இருக்கிறது. பகுதிநேர ஆசிரியர் ஒரு கல்லூரி மாவட்டத்தில் முழுநேரச் சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் பாடம் எடுக்கக் கூடாது. எடுத்தால் பாவம், அவரை நிரந்தரமாக்க வேண்டி வந்துவிடும்! ஆகவே மீதி வயிற்றுக்கு அவர் பக்கத்து மாவட்டத்துக்குக் காரை விரட்டுகிறார். காலையில் ஓர் ஊர், மாலையில் வேறோர் ஊர். விடைத்தாள், சாப்பாட்டு டப்பா, மாற்றுச் சட்டை எல்லாம் டிக்கியில். சந்தேகம் கேட்க வரும் மாணவன் வாகன நிறுத்துமிடத்தில் ஓடிப் பிடித்தால் உண்டு.

பகுதிநேர ஆசிரியர் விகிதம் கூடக் கூட, பட்டம் பெறுவோர் விகிதம் குறைகிறது என்று ஆய்வாளர் டேனியல் ஜேக்கபி 2006-இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். பகுதிநேரக்காரர்களுக்குப் பாடம் தெரியாது என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள், அந்தச் சம்பளத்தில் அந்தச் சாலைகளில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம்.

நிர்வாகங்கள் சும்மா இருக்குமா? மாணவரோடு நெருங்கிப் பழகுவது எப்படி என்று ஆசிரியர்களுக்குப் பயிலரங்கம் வைக்கின்றன. பகுதிநேரக்காரர்களும் தாராளமாக வரலாம். பெட்ரோல் அவரவர் பொறுப்பு.