சாம்பல் சமத்துவம்

பாராட்டுகள். தலைவர்கள் மேடை போட்டுப் பேசிப் பேசியும் வராத சமத்துவத்தை, கேட் (கணினி வடிவமைப்பு) மென்பொருள் விற்கிறவர்கள் 'சேவ் ஆஸ்' என்ற ஒரே கிளிக்கில் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே ஒரு டிசைனர் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று முகம் முகமாக நிறம் கொடுத்து அனுப்பிய மோல்டு அச்சை அங்கே வேறொரு மென்பொருளில் திறந்தால் அடி முதல் நுனி வரை ஒரே சாம்பல். உயர்வில்லை, தாழ்வில்லை. வழிகாட்டித் தூணான பில்லர் இறுக்கமாக உட்காரவேண்டிய துளையும் தண்ணீர் ஓடுகிற துளையும் ஒரே சாதி.

"நிறம்தானே, அழகுக்குத்தானே? வடிவம் சரியாக வந்திருக்கிறதே!" என்று ஏசி அறையிலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை ஒரு ஷிஃப்ட் முழுக்க டூல் ரூமில் நிற்க வைக்கவேண்டும். மோல்டு அச்சுத் தொழிலில் நிறம் அலங்காரம் இல்லை, உத்தரவு. ஒவ்வொரு துளைக்கும் அளவும் குறியும் எழுதிய டிராயிங் வந்த காலம் போய், "3டி மாடலைப் பார்த்து ஓட்டிக்கொள்" என்கிற காலம் இது. எழுதச் சோம்பல்பட்டதையெல்லாம் நிறத்தில் சொல்லிவிடுகிறார்கள். வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் ஒரு நிறப் பட்டியல் உண்டு: இந்த நிறம் மரை, இந்த நிறம் ரீமர், இது பாலிஷ், இதைத் தொடாதே. மாடலில் 6.8 மில்லிமீட்டரில் ஒரு துளை இருக்கிறது. நிறம் இருந்தால் அது எம்8 மரை போடவேண்டிய இடம். நிறம் போனால் வெறும் ஓட்டை. பக்கத்திலேயே 20 மில்லிமீட்டரில் இன்னொன்று. அதன் நிறம் எச்7 என்கிறது. அதாவது 21 மைக்ரான் வரை பெரிதாகலாம், ஒரு மைக்ரான்கூடச் சிறுக்கக் கூடாது. சாம்பலில் அந்த 21 மைக்ரானை எந்த மூலையில் தேடுவது? விஎம்சி மெஷினின் புரோகிராமர் சோழி உருட்டிப் பார்க்கவேண்டுமா?

அவர் உருட்டுவதில்லை. சாதாரணத் துளை என்று டிரில்லை ஓட்டிவிடுகிறார். பிளேட் போய்ச் சேர்கிறது, பில்லர் உள்ளே ஆடுகிறது, பின்னாலேயே டெபிட் நோட் வருகிறது. அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் ஒற்றை ஷெட்டில் இரண்டு மெஷினை வைத்துக்கொண்டு தவணை கட்டுகிறவனுக்கு, ஒரு டெபிட் நோட் என்றால் அந்த மாதத் தவணை போச்சு என்று பொருள். நிறத்தைத் தின்ற மென்பொருளுக்கு எவரும் டெபிட் நோட் போட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. போடவும் முடியாது. நிறுவும்போதே "எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்ற பல பக்க ஒப்பந்தத்துக்குக் கீழே நம்மைச் சம்மதம் சொல்ல வைத்துவிட்டார்கள்.

இந்தத் திருட்டுக்கு வயதும் உண்டு, பதிவெண்ணும் உண்டு. எல்லா மென்பொருளுக்கும் பொதுவான கோப்பு வேண்டுமென்று 1984-ல் உட்கார்ந்து 1994-ல் எழுந்தார்கள். ஐஎஸ்ஓ 10303, செல்லப்பெயர் ஸ்டெப். பத்து வருட யோசனைக்குப் பிறகு வந்த அதன் ஏபி203 வகையில் நிறத்துக்கு இடமே இல்லை. அவர்கள் பழசு என்று ஒதுக்கப் பார்த்த ஐஜெஸ் கோப்பில் நிறத்துக்கென்று ஒரு கட்டம் இருந்தது! கார் கம்பெனிகளுக்காக எழுதிய ஏபி214 நிறத்தைச் சேர்த்துக்கொண்டது. ஏபி203-க்கு அந்த ஞானம் பிறக்க 2011-ல் இரண்டாம் பதிப்பு வரவேண்டியிருந்தது. 2014-ல் இரண்டையும் கலந்து ஏபி242 வந்தது. ஆனாலும் 'சேவ் ஆஸ்' பட்டியலில் பழைய ஏபி203-ஐ இன்னமும் வைத்திருக்கிறார்கள், தெரியாதவன் கை வைக்கட்டும் என்று.

தெரிந்தவன் ஏபி214-ல் அனுப்பினால் மட்டும்? ஸ்டெப் வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒரு முகம் சிவப்பு என்று சொல்ல முதலில் 'ஸ்டைல்டு ஐட்டம்' என்று ஒரு வரி. அது 'பிரசன்டேஷன் ஸ்டைல் அசைன்மென்ட்'டைக் கைகாட்டும். அது 'சர்ஃபேஸ் ஸ்டைல் யூசேஜ்'ஜை, அது 'சர்ஃபேஸ் சைடு ஸ்டைல்'லை, அது 'சர்ஃபேஸ் ஸ்டைல் ஃபில் ஏரியா'வை, அது 'ஃபில் ஏரியா ஸ்டைல்'லை, அது 'ஃபில் ஏரியா ஸ்டைல் கலர்'ரை. கடைசியில்தான் 'கலர் ஆர்ஜிபி'. மொத்தம் எட்டு மேஜை. பட்டா மாற்ற தாலுகா ஆபீஸுக்கு அலைந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் அங்கே டீ குடிக்கப் போன கிளார்க் என்றைக்காவது திரும்பி வருவார். இங்கே இறக்குமதி செய்கிற மென்பொருள் முதல் மேஜையைக்கூட எட்டிப் பார்க்காமல் வடிவத்தை மட்டும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும். நிறம் கோப்பிலேயே இருக்கிறது. '1., 0., 0.' என்று கண்ணெதிரே சிவக்கச் சிவக்க இருக்கிறது. எடுக்க மனமில்லை.

3டி பிரின்டிங்குக்குப் போகிற எஸ்டிஎல் கோப்பு இதைவிடக் கேலிக்கூத்து. அதன் பைனரிக் கோப்பில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட், அதில் கடைசி 2 பைட் சும்மா கிடந்தது. விஸ்கேம், சாலிட்வியூ என்ற மென்பொருள்கள் அதில் நிறத்தைத் திணித்தன. மேஜிக்ஸும் திணித்தது, சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றி. ஒருவரின் சிவப்பு இன்னொருவரின் நீலம். போகட்டும், 'இந்த முக்கோணத்துக்கு நிறம் உண்டு' என்று சொல்ல ஒரே ஒரு பிட் இருக்கிறதே, அதிலாவது ஒத்துப்போனார்களா? 'உண்டு' என்பதற்கு முதல் இருவரும் 1 போட்டார்கள், மேஜிக்ஸ் 0 போட்டது. நிறத்துக்கு எண் கொடுப்பதிலும் இதே கதை. ஆட்டோகேடில் 1 சிவப்பு, 2 மஞ்சள், 5 நீலம். ஐஜெஸ்ஸில் 1 கறுப்பு, 2 சிவப்பு, 5 மஞ்சள். முதல் ஏழு எண்களில் பச்சையும் மெஜந்தாவும் மட்டும் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

முடியாததால் அல்ல, முடிந்தும் செய்யவில்லை. நிறம் கெடாமல் அடுத்தவன் கோப்பைத் திறக்கும் கருவி அவர்களிடமே விற்பனைக்கு இருக்கிறது: தனி லைசென்ஸ், தனி விலை, வருடச் சந்தா. முதலில் பூட்டு, பிறகு சாவிக்கு வாடகை. அமெரிக்கக் கார் தொழிலின் சப்ளை வரிசையில் மட்டும் இப்படிப்பட்ட கோப்புக் குழப்பங்களால் வருடத்துக்குக் குறைந்தது 100 கோடி டாலர் வீணாகிறது என்று அந்நாட்டுத் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டிக்காகச் செய்த ஆய்வு 1999-லேயே கணக்குப் போட்டது. ஒருவனுக்கு வீண் என்றால் இன்னொருவனுக்கு வருமானம். பெரியவர்களும் தப்பவில்லை: ஒரே கம்பெனியின் கேட்டியா மென்பொருளில் வி4-ஐ ஜெர்மனியிலும் வி5-ஐ பிரான்சிலும் வைத்துக்கொண்டு ஏர்பஸ் தன் ஏ380 விமானத்துக்கு ஒயர் இழுத்தது. நீளம் பொருந்தாமல் 2006-ல் சந்தி சிரித்தது, தலைமை அதிகாரி நாற்காலியே மாறியது. அது ஏர்பஸ், உலகம் திரும்பிப் பார்த்தது. ஓசூர் ஷெட்டில் ஒரு பிளேட் ஸ்கிராப்புக்குப் போனால் காயலான் கடைக்காரர்தான் திரும்பிப் பார்க்கிறார்.

ஆகவே டூல் ரூம்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தன. அனுப்புகிறவர் தன் மானிட்டரை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறார். வாங்குகிறவர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானூறு முகத்துக்கும் நானூறு கிளிக்கில் மறுபடி நிறம் பூசுகிறார். லட்சங்கள் கொட்டி வாங்கிய இரண்டு மென்பொருளுக்கு நடுவே நிறத்தைச் சேதமில்லாமல் கொண்டுபோகும் ஒரே வண்டி இதுதான். இப்போது வாடிக்கையாளர்கள் அதற்கும் தடை போடுகிறார்கள். மாடலைப் படம் எடுப்பது ரகசிய ஒப்பந்தத்தை மீறுவதாம், மீறினால் அபராதமாம். அந்த வரியை மட்டும் மெயிலில் சிவப்பு எழுத்தில் அனுப்பியிருந்தார்கள். சிவப்பு அப்படியே வந்து சேர்ந்தது.