கோத்திரம் கேட்கும் கள்ளிக்காரர்

தென் கலிபோர்னியாவில் வெயில் காயும் எந்தத் தெருவிலும் இவர் ஒருவராவது அகப்படுவார். தலையில் வெளுத்த தொப்பி, புறங்கையில் முள் கீறல். பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார். நமக்குப் பின்னால், வேலியைத் தாண்டி வளர்ந்து நிற்கும் பச்சைத் தூணைப் பார்ப்பார். "அது யாருது?" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொன்னால், பொறுமையாகத் தலையை ஆட்டிவிட்டு, "அதைக் கேட்கலை. அதோட அப்பா அம்மா யாரு?" என்பார்.

ஆண்டிஸ் மலைச்சரிவுகளைச் சேர்ந்த டிரைக்கோசீரியஸ் என்னும் தூண்கள்ளிகள்தான் இவருடைய உலகம். அவற்றின் குடும்ப விவகாரம் கொஞ்சம் சிக்கலானது. ஒரு சாண் நீள வெள்ளைப் பூ பொழுது சாய்ந்தபின் விரியும். மறுநாள் வெயில் ஏறியதும் துவண்டுவிடும். பெரும்பாலும் தன் மகரந்தம் தனக்கே ஒத்துக்கொள்ளாது. அயல் செடியிலிருந்து வந்தால்தான் காய் பிடிக்கும். மலையில் அயல் செடி என்றால் அநேகமாகச் சொந்த இனம். கலிபோர்னியத் தோட்டத்திலோ ஈக்வடார், பெரு, பொலிவியா மூன்றும் பத்தடிக்குள் தோளுரசி நிற்கின்றன. இரவில் அந்துப்பூச்சி, விடிந்தால் தேனீ. இரண்டும் யாரைக் கேட்டுக்கொண்டு போகின்றன? கம்பளி போர்த்திய காய் வெடித்தால் உள்ளே நூற்றுக்கணக்கில் பொடிக் கருவிதைகள். காய் தொங்கும் செடி அம்மா. அப்பா என்ற இடத்தில் கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறியைத்தான் நம்மவர் தாங்கிக்கொள்ளமாட்டார். மண்டியிட்டு உட்கார்ந்து விலாக்களை எண்ணுவார். முள் கிளம்பும் கண்ணுக்கு மேலே 'வி' வடிவ வெட்டு இருக்கிறதா என்று கைவிளக்கடித்துப் பார்ப்பார். நீலச் சாம்பல் பூத்திருந்தால் பெருவியானஸ், முள் குட்டையாக இருந்தால் பச்சனோய், ஒல்லியாக வளர்ந்து நீள முள் விட்டால் பிரிட்ஜெசி. கடைசியில் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, "பச்சனோய் அம்மா, பெருவியானஸ் அப்பா. ஆனா அப்பா வழிப் பாட்டி பொலிவியாக்காரி" என்று தீர்ப்புச் சொல்வார். பாட்டி எங்கிருந்து வந்தாள் என்று கேட்டுவிடாதீர்கள், இருட்டிவிடும்.

அதே செடியை நிழலுக்கு மாற்றி உரத்தைக் கூட்டினால் முள் சிறுத்து, சாம்பலும் குறைந்து, ஒரே வருஷத்தில் வேறு ஆள் மாதிரி நிற்கும். ஒரே தூணில் கீழே ஆறு விலாவும் மேலே ஏழும் வருவதுண்டு. இதெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்தும் எண்ணுவார்.

இவரைப் போல இன்னொருவர் வந்து சேர்ந்தால்தான் வேடிக்கை.

"பூக்குழாயில எவ்வளவு மயிர் பார்த்தீங்களா? சுத்தமான பெருவியானஸ்."

"முள்ளடி வீங்கியிருக்கே, அதைப் பார்க்கலையா நீங்க?"

"அது தண்ணி அதிகமாயிட்டதால."

"உங்க கண்ணுக்குத்தான் தண்ணி அதிகம்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு போத்து வெட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பெயர் எழுதிக்கொண்டு போவார்கள். போத்தின் வெட்டுவாய் நிழலில் காய்ந்து பக்குகட்ட இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் ஒரே செடி ஊரில் இரண்டு ஜாதகத்தோடு நடமாட ஆரம்பித்துவிடும். சான் மரினோவில், 1907இல் தொடங்கிய ஹண்டிங்டன் பாலைத் தோட்டத்துக்குப் போனாலும் இவர் செடியைப் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். பெயர்ப்பலகையைத்தான் வெகுநேரம் பார்ப்பார். பிறகு லேசாக ஒரு செருமல்.

அப்பா அம்மா என்று இவர் அடித்துச் சொல்கிறாரே, அந்தப் பெரியவர்களின் யோக்கியதையையும் பார்த்துவிடலாம். பச்சனோய், பெருவியானஸ் இரண்டுக்கும் பிரிட்டன், ரோஸ் என்ற தாவரவியலாளர்கள் 1920இல் பெயர் வைத்தார்கள். ரோஸ் ஈக்வடாரில் சுற்றியபோது உதவியாக இருந்த பேராசிரியர் பச்சானோவின் பெயர் அதில் ஒன்றுக்குப் போயிற்று. 1974இல் பின்வந்தவர்கள் குடும்பத்தையே எக்கினாப்சிஸ் என்ற பெரிய வீட்டுக்குக் குடிமாற்றினார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு பிரிட்ஜெசி இருந்ததால், நம் பிரிட்ஜெசி 'லாஜெனிஃபார்மிஸ்' ஆனது. 2012இல் மரபணு ஆய்வு அந்தப் பெரிய வீட்டையே கலைத்தது. அதே ஆண்டில் வேறு இரண்டு தாவரவியலாளர்கள் பெருவியானஸும் பழைய மேக்ரோகோனஸும் ஒன்றே, பச்சனோய் அதன் ஒரு ரகம்தான் என்று எழுதிவிட்டார்கள். ஆக, பெருமையோடு கலப்பு என்று சீட்டு கட்டியதெல்லாம் சகோத்திரக் கல்யாணம்! அந்த மேக்ரோகோனஸ் தாத்தாவாவது உறுதியா என்றால், ஐரோப்பாவில் தோட்டத்தில் வளர்ந்த செடியை வைத்து 1850இல் சூட்டிய பெயர் அது. பெயருக்கு ஆதாரமான மாதிரி இல்லாமல் போனதால், 2012இல் இவர்களே புதிதாக ஒன்றை நியமிக்க வேண்டியிருந்தது.

இந்தச் செய்தி நம்மவருக்கு எட்டாமலில்லை. ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு எல்லாச் சீட்டிலும் பழைய பெயரையே மறுபடி எழுதினார், இந்த முறை பென்சிலால். 'அழியாது' என்று அச்சிட்ட மைப்பேனாவின் எழுத்து வெயிலில் வெளுத்து, பாதித் தொட்டிகளை ஏற்கெனவே அநாதையாக்கியிருந்தது.

வம்சக் குழப்பத்தை இவ்வளவு நொந்துகொள்பவர் சும்மா இருக்கிறாரா? பூக்கும் பருவத்தில் நெற்றியில் விளக்கு, கையில் ஓவியத் தூரிகையோடு ராத்திரி ஏணி மேல் நிற்பார். குளிர்பதனப் பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் காகிதப் பொட்டலங்களில் மகரந்தம் இருக்கும். வீட்டம்மா எதையும் பிரிப்பதற்கு முன்னால் கேட்டுவிடுவார். சாப்பாடு வாங்கிய பிளாஸ்டிக் டப்பாக்களில் நாற்றுகள் பச்சைக் குண்டூசித் தலைகளாகக் கிளம்பும். அவை பூத்துக் குணம் காட்ட எத்தனையோ வருஷம் ஆகும். அதுவரை எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த வருஷங்கள்தான் இவருக்குச் சொர்க்கம்.

ஆனால் எப்போதாவது, பத்து வருஷமாக மண்டையைக் குடைந்த ஒரு தூணுக்கு உண்மையான விடை வந்துவிடும். விதை போட்ட கிழவர் தன் பழைய நோட்டோடு வந்து நிற்பார். தேதி, அம்மா, அப்பா எல்லாம் தெளிவாக எழுதியிருக்கும். நம்மவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படிப்பார். நன்றி சொல்வார். காபி கொடுத்து அனுப்புவார். அடுத்த சனிக்கிழமை அந்தத் தூண் வாசல் நடைபாதையில், இருபது டாலர் என்று அட்டை கட்டிக்கொண்டு நிற்கும். பேரம் பேசினால் பதினைந்துக்கே கொடுத்துவிடுவார்.