ஊமைக் கணினிக்கு ஊரெல்லாம் வைத்தியர்

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலானபின், நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் பள்ளிக்கூடம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பல வீடுகளில் கைப்பேசி வழியாக. வாய்த்த சில வீடுகளில் பழைய கணினி வழியாக. ஆசிரியர் வாயசைப்பார். சத்தம் மட்டும் வராது.

அக்கம்பக்கத்து வைத்தியர்கள் கூடிவிடுவார்கள். லாபுவானாலும் ரந்தாவானாலும் ஒரே மருந்துதான்: "ஃபார்மேட் அடிச்சிருங்கண்ணே!" தலைவலிக்குத் தலையையே எடுக்கும் இந்த யோசனைக்குக் கடையில் கூலி வேறு.

நோய் என்னவோ சில்லறைதான். மைக்ரோசாஃப்டும் இன்டெலும் 1999-க்காக வகுத்த வழிகாட்டி, கணினித் துளைகளுக்கு நிறம் பிரித்தது: ஸ்பீக்கருக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு, வெளியிலிருந்து உள்ளே வரும் ஒலிக்கு இளநீலம். நல்ல ஏற்பாடு. ஆனால் துளைகள் இருப்பது பெட்டியின் முதுகில், பெட்டி இருப்பது மேசைக்கடியில். அந்த இருட்டில் தடவிச் செருகுகிறவருக்கு மூன்று நிறமும் கறுப்புதான்.

செருகியது சரியென்றால், அடுத்த சந்தேகம் எச்டிஎம்ஐ கேபிள் மேல். அதை மாட்டியதும் விண்டோஸ் சில சமயம் ஒலியைத் திரைக்கு அனுப்பிவிடும். அந்தத் திரையில் ஸ்பீக்கரே இருக்காது. கணினி தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருக்கும். கடிகாரத்துக்கு அருகிலுள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, ஒலி போகவேண்டிய இடத்தை மாற்றினால் தீர்ந்தது. படத்தில் பெருக்கல் குறி தெரிந்தால், மியூட்.

எல்லாம் சரியாக இருந்தும் வகுப்பு ஊமையாகவே ஓடினால், ஆசிரியரே மைக்கை மூடி வைத்திருக்கலாம். அதை அவரிடம் சொல்ல மாணவன் தன் மைக்கைத் திறக்கவேண்டும். திறக்கக்கூடாது என்பதுதான் வகுப்பின் முதல் விதி.