புலியின் சாப்பாட்டுக் கணக்கு

கேள்வி: மான்கள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன, புலி மட்டும் ஏன் அபூர்வம்? கள்ளவேட்டையை ஒழித்தால் மானுக்கு நிகராகப் பெருகாதா?

பதில்: பெருகாது. கள்ளவேட்டையை ஒழிக்கத்தான் வேண்டும்; ஆனால் புலிக்கு வரம்பு கட்டுவது அதன் சாப்பாட்டுக் கணக்கு. புல் வெயிலிலிருந்து சேர்த்த ஆற்றலில் மானின் உடம்பாக மாறுவது சிறு பங்குதான். மேய்ந்ததில் ஒரு பகுதி புழுக்கையாக விழுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி மூச்சுவிடவும் ஓடவும் உடம்புச் சூட்டைக் காக்கவும் போய்விடுகிறது. இதே செலவு புலிக்கும் உண்டு. ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்கர் ஓர் ஏரியை ஆராய்ந்து 1942இல் இந்த வரவுசெலவை எழுதிக்காட்டினார். படிக்குப் படி தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகும் என்று பாடநூல்கள் சொல்வது அதன் வழிவந்ததே. ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 மான் வேண்டும். மந்தை குறையாமல் அதைத் தர ஏறத்தாழ 500 மான்கள் மேய வேண்டும்.

கடலில் இது தலைகீழாயிற்றே, சில இடங்களில் மிதவைப் பாசியைவிட அதைத் தின்னும் உயிர்களின் எடை கூடுதலாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான்; ஆனால் அது ஒரு கணத்தில் நிறுத்த எடை. பாசி ஓரிரு நாளில் இரட்டிக்கும், தின்னத் தின்னப் பெருகும். ஆண்டு முழுதும் விளைந்ததைக் கூட்டினால் அடித்தட்டே பெரிது. ஆகவே புலியைக் காக்க நினைப்பவர்கள் புல்லையும் பார்க்க வேண்டும்: புல்லை அமுக்கி உண்ணிச்செடி மண்டிய காட்டில் மானுக்கே மேய்ச்சல் இல்லை.