கிழங்கு மைதானத்தில் ஒரு சப்பாத்தி

"மேட்ச்சுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

"டிக்கெட் கிடக்குது மச்சான், ரொட்டி வாங்கினியா?" என்றான் அறைத்தோழன்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் நான் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவன் கோயம்புத்தூர்க்காரன், அங்கே மூன்றாம் வருஷம். ரொட்டி என்றதும் இடைவேளையில் தின்பதற்கு என்று நினைத்தேன். எறிவதற்காம்! டோர்ட்டியா என்று மெக்சிகோக்காரர்களின் ரொட்டி ஒன்று இருக்கிறது. நம் சப்பாத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி. எங்கள் அணி கோல் போட்டால் அதைக் கூட்டம் கூட்டமாக மைதானத்துக்குள் வீசுவார்கள். கூடைப்பந்து அரங்கில் ஆரம்பித்த பழக்கம் என்கிறார்கள். பிறகு கால்பந்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி அடுக்கின் முன்னால் நின்று பாடம் நடத்தினான். "சோள ரொட்டி வேண்டாம், பாதி வழியிலயே பிஞ்சிடும். மைதாதான் மிதக்கும். ரொம்பப் பெருசும் ஆகாது, காத்து மடக்கிடும்." ஆய்வகத்தில் அவனுடைய பேராசிரியர் எதிர்பார்க்கிற கறார் இதுதானாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வளர்ந்த வீட்டில் ஒரு பருக்கை கீழே விழுந்தால் எடுத்துத் தட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். காலில் சோறு பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு ரொட்டி வேண்டாம், வெறுமனே கைதட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு மூன்று சப்பாத்தியைச் சுட்டு அலுமினியத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். சப்பாத்தி சுடுவதில் எனக்கு அப்போது அனுபவம் ஆறு வாரம்.

பகையாளி யார் என்று சொல்லவில்லையே. 101ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய 100 மைல் போனால் சான் லூயிஸ் ஒபிஸ்போ. அங்கே இருப்பது கால் பாலி பல்கலைக்கழகம். பொறியியலும் விவசாயமும் அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை. எங்கள் நிறம் நீலம், அவர்கள் நிறம் பச்சை. அவர்களுடைய அணிக்குப் பெயர் மஸ்டாங்ஸ், அதாவது காட்டுக் குதிரைகள். எங்களுடையது கௌச்சோஸ், தென்னமெரிக்காவில் குதிரையேறி மாடு மேய்ப்பவர்கள். ஆக இது குதிரைக்கும் குதிரையேறிக்கும் நடக்கிற பங்காளிச் சண்டை. இங்கேயும் நடக்கும், அங்கேயும் நடக்கும். சுமார் 11,000 பேர் கொள்ளும் அவர்கள் மைதானமும் இந்த ஆட்டத்துக்கு நிரம்பியிருக்கிறது.

அமெரிக்காவில் கால்பந்துக்கு, அவர்கள் மொழியில் சாக்கருக்கு, இவ்வளவு கூட்டமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் மைதானம் 1966இல் அமெரிக்க ஃபுட்பாலுக்காகக் கட்டியது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்வார்களே, அது. அந்த அணி 1990களின் தொடக்கத்தோடு கதை முடிந்துபோனது. 17,000 பேர் உட்காரும் மைதானம் சும்மா கிடந்தால் என்ன ஆவது? சாக்கர் குடியேறிவிட்டது. குடியேறியதும் சும்மா இருக்கவில்லை. 2004இல் எங்கள் ஆட்கள் தேசிய இறுதியாட்டம் வரை போய் இந்தியானா பல்கலைக்கழகத்திடம் பெனால்டியில் தோற்றார்கள். 2006இல் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யுசிஎல்ஏவை 2-1 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தார்கள். 2010இல் அதே யுசிஎல்ஏ இங்கே ஆட வந்தபோது 15,896 பேர் திரண்டார்கள்.

மைதானத்தின் பெயர் ஹார்டர் ஸ்டேடியம். தியோடர் ஹார்டர் என்ற பழைய பயிற்சியாளரின் பெயர். அவருக்குப் பட்டப்பெயர் 'ஸ்பட்'. ஆங்கிலப் பேச்சில் ஸ்பட் என்றால் உருளைக்கிழங்கு. கிழங்கின் பெயரில் மைதானம் கட்டிவிட்டு அதில் ரொட்டி எறிகிறார்கள். ஹோட்டலில் கிழங்கு தீர்ந்துபோய்ப் பூரியை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவமுள்ள எனக்கு இந்தப் பொருத்தம் புல்லரித்தது. பக்கத்தில் இருந்த அமெரிக்கப் பையனிடம் விளக்கினேன். மரியாதைக்குச் சிரித்தான்.

அது அப்புறம் நடந்தது. அதற்கு முன்னால் வாசல்.

அறைத்தோழன் பத்து டோர்ட்டியாவை வயிற்றில் வரிசையாகப் பரப்பி, மேலே நீலச் சட்டையை இறக்கிவிட்டிருந்தான். காவலர் அவன் வயிற்றை ஒரு விரலால் தட்டினார், தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதுபோல. எதுவும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த குப்பைத்தொட்டியைக் கண்ணால் காட்டினார். அது ஏற்கெனவே கழுத்து வரைக்கும் ரொட்டி. அடுத்து என் பை. அலுமினியத் தாளைப் பிரித்துப் பார்த்தார். "டின்னரா?" என்றார். சத்தியமாக டின்னர்தான். போகச் சொன்னார்.

ஆட்டத்தில் என்னைத் திகைக்க வைத்தது கடிகாரம். நமக்குத் தெரிந்த கால்பந்தில் நேரம் மேலே ஏறும். எப்போது முடியும் என்பது ரெஃப்ரிக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். இங்கே 45 நிமிஷத்திலிருந்து கீழே இறங்குகிறது. கோல் விழுந்தால், கார்டு காட்டினால் கடிகாரம் நிற்கும். கடைசிப் பத்து விநாடியை ஸ்ரீஹரிகோட்டா மாதிரி கூட்டமே எண்ணுகிறது. இன்னொன்று: வெளியே போன ஆட்டக்காரன் திரும்ப உள்ளே வரலாம், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ரேஷன் வரிசையில் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய் வருகிற மாதிரி.

பச்சைச் சட்டைக்காரர்களை எங்கள் கூட்டம் "விவசாயிகளே!" என்று கத்தி வம்புக்கு இழுத்தது. எனக்கு இதில் எங்கே வசவு இருக்கிறது என்று புரியவில்லை. நம் ஊரில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கூட நானும் விவசாயிதான் என்றுதான் ஆரம்பிப்பார். மரியாதையாகக் கத்தினேன்.

இடைவேளையில் ஆளுக்கொரு சப்பாத்தி தின்றோம். அறைத்தோழன் மென்றுகொண்டே இருந்தான். "என்னடா, செருப்பா?" என்றான். மூன்றாவதை யாரும் தொடவில்லை.

கடிகாரத்தில் பதினோரு நிமிஷம் இருக்கும்போது எங்கள் ஆள் ஒருவன் இடது ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போட, இன்னொருவன் தலையால் முட்ட, வலை குலுங்கியது. எழுந்தேன். வானத்தில் வெள்ளை வெள்ளையாக ரொட்டிகள். வாசலில் பறிபோனது போக இத்தனை எப்படி உள்ளே வந்தன என்பது இன்றுவரை எனக்கு விளங்காத விஷயம். தயவுசெய்து எறியாதீர்கள் என்று ஒலிபெருக்கி கெஞ்சிக்கொண்டிருந்தது. அறைத்தோழன் வெறுங்கையோடு என்னைப் பார்த்தான். நான் பையைப் பார்த்தேன்.

அடுத்து நடந்ததற்கு நான் முழுப் பொறுப்பு ஏற்க மாட்டேன். கை தானாகப் போனது.

மற்றவர்களின் ரொட்டிகள் பல மெத்தென்று இருந்ததால் இரண்டு வரிசை தாண்டியதும் துவண்டு முன்னால் உட்கார்ந்தவர்களின் தலையில் விழுந்தன. என்னுடையது கொஞ்சமும் வளையவில்லை. விஷ்ணு சக்கரம் மாதிரி சுழன்றுகொண்டே பக்கக் கோட்டைத் தாண்டி, புல்லில் போய் நிமிர்ந்து நின்று, யோசித்து, சாய்ந்தது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். என் சமையலுக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

ரொட்டி பொறுக்க வந்த பையன் கூடையில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தான். என்னுடையதை எடுத்ததும் நின்றான். கருகின புள்ளிகளைப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். விரலால் தட்டிப் பார்த்தான். கூடையில் போடாமல் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு போனான்.

அந்த ஒரு கோல்தான். ஜெயித்தோம். வளாகத்தை ஒட்டிய ஐலா விஸ்டாவின் தெருக்களில் ராத்திரி முழுக்கச் சைக்கிள் மணிச் சத்தம்.

அறைக்கு வந்து சேர்ந்ததும் அம்மாவின் போன். அங்கே சமையல் முடிந்த நேரம்.

"சாப்டியாடா?"

"சாப்டேம்மா. சப்பாத்தி."

"எத்தனை?"

"ஒண்ணு."

"ஒண்ணு எப்படிடா போதும்? மூணு போட்டேன்னு காலைல சொன்னியே."

"அவனுக்கு ஒண்ணு குடுத்தேன். ஒண்ணு... மிஞ்சிடுச்சு."

"அதுக்கென்ன, நாளைக்கு நறுக்கி வெங்காயம் போட்டு வதக்கிக்கோ. தூக்கிக் கீக்கிப் போட்டுடாத."